காவலுக்கு நின்ற ஜமேதார் தூக்கில் தொங்கினார்!
பாரக்பூர் "குவார்ட்டர் கார்டு" வாசலில் நடந்த பயங்கரம்

பட்டாள முகாமுக்குள் சின்னதாக ஒரு கட்டிடம் இருக்கும். வாசலில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் விறைப்பாக நிற்பார். பட்டாளத்துக்காரர்கள் அதை "குவார்ட்டர் கார்டு" என்பார்கள்.

முறைக்காவல் சிப்பாய்கள் இரவு பகலாக தங்குவது அங்கேதான். 2 மணி நேரம் நிற்கவேண்டும். பிறகு 4 மணி நேரம் ஓய்வு. ஓய்விலும் கூப்பிட்ட உடனே ஓடி வரவேண்டும். தப்பு செய்த சிப்பாயை பிடித்து அடைப்பதும் அங்கேதான். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் காவல்காரர். அந்தப் பக்கம் கைதி. நேற்றுவரை இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்களாக இருப்பார்கள்!

காவல் பார்த்தவரே கைதியான கதையும் உண்டு.

கொழுப்பு தடவிய தோட்டா

கல்கத்தாவை அடுத்த பாரக்பூர். 1857 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை. புது தோட்டாவில் பசு, பன்றி கொழுப்பு தடவி இருப்பதாக சிப்பாய்கள் மத்தியில் ஒரே பேச்சு.

அன்று 34-வது வங்காள காலாட்படையின் குவார்ட்டர் கார்டு முன்னால் துப்பாக்கியோடு வந்து நின்றார், சிப்பாய் மங்கள் பாண்டே. வெள்ளைக்காரர்களை எதிர்த்து எல்லோரும் வெளியே வரவேண்டும் என்று கூச்சல் போட்டார்.

காவலுக்கு தலைவர் ஜமேதார் ஈஸ்வரி பிரசாத். பாண்டேயை பிடிக்கும்படி சார்ஜெண்ட் மேஜர் ஹியூசன் அவருக்கு உத்தரவு போட்டார். ஜமேதார் நகரவில்லை.

லெப்டினென்ட் பாக் குதிரையில் பறந்து வந்தார். பாண்டே சுட்டார். குண்டு குதிரை மேல் பாய்ந்தது. பிறகு வாள் சண்டை. வெள்ளைக்காரர் இருவருக்கும் வெட்டு! காவல் சிப்பாய்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஷேக் பல்டு என்ற சிப்பாய் மட்டும் பாண்டேயை கட்டிப்பிடித்து தடுத்தார்.

கடைசியில் ஜெனரல் ஹியர்சி கைத்துப்பாக்கியை நீட்டி மிரட்டிய பிறகுதான் காவல் படை அசைந்தது. பாண்டே தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். ஆனாலும் உயிர் போகவில்லை.

2 தூக்கு

ஏப்ரல் 8-ந்தேதி பாண்டேக்கு தூக்கு. பிடிக்கச் சொல்லியும் பிடிக்காத ஜமேதார் மீதும் ராணுவ கோர்ட்டு விசாரணை நடந்தது. ஏப்ரல் 21-ந்தேதி அவருக்கும் தூக்கு! மே 6-ந்தேதி பாரக்பூரில் இருந்த 34-வது படையே கலைக்கப்பட்டது.

மங்கள் பாண்டேக்கு 1984-ல் தபால் தலை வந்தது. பாரக்பூரில் அவர் பெயரில் பூங்காவும் இருக்கிறது.

ஈஸ்வரி பிரசாத் சுடவும் இல்லை, வெட்டவும் இல்லை. நின்ற இடத்தில் நின்றார். அதற்கே உயிரைக் கொடுத்தார். அவர் பெயர் எத்தனை பேருக்கு தெரியும்?