கட்டற்ற மென்பொருளும் பயன்படுத்துவோர் குறையும்

கணினி என்னும் பொறி தானாக இயங்குவதன்று. இன்ன வேலையை இன்ன முறையிற் செய்க என்று அதற்குக் கட்டளையிடும் நிரல்களின் தொகுதி ஒன்று வேண்டும். அத்தொகுதியே மென்பொருள் எனப்படும். மென்பொருளுக்கு இரு வடிவங்கள் உள. ஒன்று, மனிதர் எழுதி மனிதர் படிக்கக்கூடிய மூல வடிவம். மற்றையது, பொறி மாத்திரம் படித்துணரும் வடிவம். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் பின்னையதை விற்று, முன்னையதைத் தம்மிடமே பூட்டி வைத்துக்கொள்ளும். பலகாரத்தை விற்பவர் அதன் பக்குவத்தை வெளியிடாது வைத்திருப்பதை ஒத்தது இது. இதற்கு மாறாக, மூல வடிவத்தையும் உடன்கொடுத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்று உரிமையளிக்கும் மென்பொருள்களும் உள. அவற்றைக் கட்டற்ற மென்பொருள் என்றும், திறந்த மூல மென்பொருள் என்றும் அழைப்பர்.

இம்மென்பொருள்களின் வெற்றி சிறிதன்று. லினக்ஸ் என்பது இவ்வகையில் தலையாயது. உலகில் அதிவேகமானவை எனப் பட்டியலிடப்படும் 500 மீக்கணினிகளும் 2017 நவம்பர் தொடக்கம் லினக்ஸினாலேயே இயங்கி வருகின்றன. மக்கள் கையில் ஏந்தும் அன்ட்ரொயிட் தொலைபேசிகளின் அடித்தளமும் அதுவே. ஆயினும், வீட்டு மேசையிலும் அலுவலக மேசையிலும் இருக்கும் கணினிகளில் மாத்திரம் அது சிறுபான்மையாகவே நின்றுவிட்டது. அங்கே அதனை ஆர்வத்தோடு ஏற்றவர்களுள்ளும் பலர் சின்னாளில் மனம் சலித்து விலகுகின்றனர். விலையின்றிக் கிடைப்பதும், உரிமையோடு கிடைப்பதுமான ஒன்றை மக்கள் ஏன் வெறுத்து ஒதுக்க வேண்டும்? இவ்வினா ஆராயத்தக்கது.

இவ்வியக்கம் தோன்றிய வரலாற்றிலேயே இதற்கான விடையின் ஒரு பகுதி அடங்கியுள்ளது. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துச் செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில் றிச்சாட் ஸ்டோல்மன் என்னும் நிரலாளர் பணியாற்றினார். அங்கிருந்த பழைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால், அச்சுக்காகக் காத்திருப்போருக்கு உடனே கணினி மூலம் அறிவித்தல் செல்லுமாறு அதன் நிரல் திருத்தப்பட்டிருந்தது. பின்னர், புதிய லேசர் அச்சுப்பொறி ஒன்று ஆய்வுகூடத்துக்கு வந்தது. அதற்கும் அவ்வாறே செய்ய ஸ்டோல்மன் விரும்பினார். ஆனால், அதன் மூல நிரல் கொடுக்கப்படவில்லை. வேறொரு பல்கலைக்கழகத்தில் அது இருக்கிறதென அறிந்து, அங்கிருந்த ஆய்வாளரிடம் கேட்டார். வெளியிடுவதில்லை என ஒப்பந்தம் செய்துவிட்டதாகக் கூறி அவரும் மறுத்துவிட்டார். தம் கண்முன்னே உள்ள பொறியின் குறையைத் தாம் அறிந்திருந்தும், அதனைத் தீர்க்கும் வல்லமை இருந்தும், தீர்ப்பதற்கு உரிமையில்லை என்ற நிலை ஸ்டோல்மனின் உள்ளத்தைச் சுட்டது. 1983 இல், யாவரும் சுதந்திரமாகப் பயன்படுத்தக்கூடிய முழுமையான கணினி முறைமை ஒன்றை ஆக்கப் போவதாக அவர் அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் நிறுவகத்தை அமைத்தார். 1991 ஓகஸ்ட் மாதத்தில், பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக எழுதிவந்த நிரலை உலகுக்கு அறிவித்தார். அதுவே லினக்ஸ் ஆயிற்று.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு பொறியைப் பயன்படுத்தியவரின் மனக்குறையிலிருந்தே இவ்வியக்கம் பிறந்தது. ஆயின், அவர் சாதாரணராக அல்லாது, நிரலெழுதுவதில் வல்லவராக இருந்தார். உரிமை கிடைத்தாற் போதும், மீதியைத் தாமே செய்துகொள்வார். உரிமை கிடைத்த பின்னும் மீதியைச் செய்ய இயலாதவர் ஒருவர் வந்தால் என்ன நேரும் என்னும் வினா அப்போது எழவில்லை.

அவ்வினா எழுவதற்கு நெடுங்காலம் செல்லவில்லை. கணினித் திரையில் கோப்புகளும் பெட்டிகளும் பொத்தான்களுமாகத் தோன்றும் அமைப்பை மேசைத்தளம் என்பர். 1996 இல் ஜேர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எத்ரிக் என்பவர், லினக்ஸ் போன்ற முறைமைகளைச் சாதாரண மக்களும் கையாளும் வண்ணம் கேடிஈ என்னும் மேசைத்தளத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த கருவித் தொகுதி அப்போது முழுமையாகக் கட்டற்றதாக இல்லை என்ற காரணத்தால், 1997 இல் மெக்சிக்கோவைச் சேர்ந்த மிகேல் டி இகாசாவும் பெடரிக்கோ மேனாவும் க்னோம் என்னும் மற்றொரு மேசைத்தளத்தைத் தொடங்கினர். இவ்வாறு சாதாரண மனிதருக்கெனத் தொடங்கிய முயற்சி, தொடக்கத்திலேயே நிரலாளரிடையே எழுந்த கொள்கை வேறுபாட்டினால் இரண்டாகப் பிரிந்தது.

2004 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று சிந்தனைக்குரியது. திறந்த மூல இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான எரிக் றேமண்ட், தம் வீட்டிலிருந்த மற்றொரு கணினியோடு பிணைத்த அச்சுப்பொறியைத் தமது கணினியிலிருந்து இயக்க முயன்றார். மூல நிரல் திறந்தே இருந்தது, உரிமையும் இருந்தது, அவரோ கைதேர்ந்த நிரலாளர். இருந்தும், திரையில் வந்த வினாக்கள் விளங்கவில்லை. விளக்கக் குறிப்புகள் உதவவில்லை. வெகுநேரம் திண்டாடிய பின் அவர் கட்டுரை ஒன்றை எழுதினார். கணினியறிவு இல்லாத ரில்லி மாமி என்னும் கற்பனைப் பெண்மணியை முன்னிறுத்தி, ‘எமக்கே இத்துணைத் தொல்லையாயின் அந்த மாமியின் கதி யாது?’ என்னும் கருத்துப்பட வினவினார். பூட்டிய நிரலால் ஓர் அச்சுப்பொறி இவ்வியக்கத்தைத் தோற்றுவித்தது. கால் நூற்றாண்டின் பின், திறந்த நிரலைக் கொண்ட அச்சு முறையே அவ்வியக்கத்தவரைத் திணற வைத்தது.

இதற்குக் காரணம் யாது? பெருங்கணினிகளைப் பேணுவோர் பயிற்சி பெற்றவர்கள். அவர்களுக்கு மென்பொருளை எழுதுவோரும் அத்தகையவர்களே. ஆக்குவோரும் நுகர்வோரும் ஒரே மொழி பேசுவதால், குறை தோன்றியவுடன் அது விளங்குகிறது, விளங்கியவுடன் தீர்கிறது. மேசைக் கணினியின் முன் அமர்பவரோ ஓர் எழுதுவினைஞர், ஓர் ஆசிரியை, கணக்குப் பார்க்கும் ஒரு கடைக்காரர். அவரது தடுமாற்றத்தை நிரலாளர் கண்ணால் காண்பதில்லை. மேலும், தன்னார்வமாக எழுதுபவர் தமக்கு ஆர்வமூட்டும் வேலையையே நாடுவார். புதிய அம்சம் ஒன்றைப் படைப்பதில் இன்பம் உண்டு. விளக்கக் குறிப்பை எளிய நடையில் எழுதுவதிலும், நூறு வகை அச்சுப்பொறிகளோடு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதிலும் அவ்வின்பம் இல்லை. சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தில் இவ்வேலைகளுக்கு ஆள் நியமிக்கலாம். தன்னார்வலர் குழுவில் ஆள் முன்வர வேண்டும். உபகரணங்களைச் செய்யும் நிறுவனங்கள் சில, தம் பொறிகளின் நுட்ப விவரங்களை வெளியிடாது வைத்திருப்பதும் இத்துடன் சேர்ந்துகொள்கிறது. அந்தக் குறைக்கும் பழி மென்பொருளின் தலையிலேயே விழுகிறது.

இரண்டாவது குறை, பழகிய பொருள் திடீரென மாறிவிடுவதாகும். 2008 ஜனவரியில் வெளிவந்த கேடிஈயின் நான்காம் பதிப்பு அடியோடு புதிதாக எழுதப்பட்டிருந்தது. முன்பிருந்த வசதிகள் பல அதில் இன்னும் வந்து சேரவில்லை. 2011 ஏப்பிரலில் க்னோமின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. சாளரத்தைச் சுருக்கவும் பெருப்பிக்கவும் உதவிய பொத்தான்கள் வழக்கமான இடத்திலிருந்து எடுக்கப்பட்டன. கணினியை நிறுத்தும் கட்டளையே, விசைப்பலகையில் குறித்த ஒரு விசையை அழுத்தினாலன்றிக் கண்ணிற் படாதவாறு மறைந்திருந்தது. மின்விளக்கை அணைக்கும் சொடுக்கியை ஓரிரவில் யாரோ அலுமாரிக்குள் மாற்றி வைத்தால் வீட்டார் எவ்வாறு தவிப்பரோ, அவ்வாறே பயன்படுத்துவோர் தவித்தனர். லினக்ஸை ஆக்கிய டோர்வால்ட்ஸ் கூட இதற்கு விலக்கல்லர். கேடிஈயின் நான்காம் பதிப்பை வெறுத்துக் க்னோமுக்குச் சென்றார். க்னோமின் மூன்றாம் பதிப்பை வெளிப்படையாகக் கண்டித்து வேறொன்றுக்குச் சென்றார். சில காலத்தின் பின் மீண்டும் க்னோமுக்கே திரும்பினார்.

இவ்விடத்தில் கட்டற்ற மென்பொருளின் பெருமையும் வெளிப்படுவதை மறுத்தலாகாது. வணிக நிறுவனம் ஒன்று பழைய பதிப்பைக் கைவிட்டால், அதனை விரும்பியோர் கையறு நிலையினராவர். க்னோமின் இரண்டாம் பதிப்பை விரும்பியோரோ அதன் மூல நிரலை எடுத்து, 2011 இலேயே மேட் என்னும் பெயரில் தாமே பேணத் தொடங்கினர். அதனைத் தொடங்கியவர் ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த பயனர் ஒருவர். உரிமை என்பது ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இது சான்று. ஆனால், ஒவ்வொரு பிணக்கும் ஒவ்வொரு பிரிவாக முடியும்போது உழைப்பும் பல கூறாகிறது. புதிதாக வருபவரோ எதைத் தேர்வது என்றறியாது மயங்குகிறார்.

மூன்றாவது குறை, பொருளைப் பற்றியதன்று; மனிதரைப் பற்றியது. இடர்ப்பட்டவர் உதவி கேட்கும்போது அடிக்கடி கிடைக்கும் விடைகள் மூன்று. ‘கையேட்டைப் படி’ என்பது ஒன்று. ‘என் கணினியில் சரியாகத்தானே இயங்குகிறது’ என்பது இரண்டாவது. ‘வேண்டுமாயின் நீயே திருத்திக்கொள்’ என்பது மூன்றாவது. இறுதி விடை சட்டப்படி சரியானதே. திருத்தும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால், நீந்தத் தெரியாதவரிடம் ஆறு எல்லோர்க்கும் பொது என்று சொல்வதால் அவர் அக்கரை சேரமாட்டார். நெடுங்காலம் அங்கு கடுஞ்சொல் ஒரு குற்றமாகக் கருதப்படவில்லை. அறிவுக்கூர்மையின் அடையாளமாகவும் சிலர் அதனைக் கொண்டனர். 2018 செப்டெம்பரில் டோர்வால்ட்ஸ் தமது கடுமையான நடத்தைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிச் சில வாரம் ஒதுங்கியிருந்தார். அதே மாதத்தில் லினக்ஸ் ஆக்குநர்க்குப் புதிய நடத்தை நெறியும் வகுக்கப்பட்டது. பண்பும் நுட்பத்தின் ஒரு பகுதியே என்று அச்சமூகம் உணரத் தொடங்கியமைக்கு இது அறிகுறி.

வழக்கின் மறுபக்கத்தையும் கேட்டல் நீதி. இம்மென்பொருள்களை ஆக்குவோருட் பலர் பகல் முழுதும் வேறு தொழில் புரிந்து, இரவில் ஊதியமின்றி உழைப்பவர்கள். இதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை என்று உரிமப் பத்திரத்திலேயே அவர்கள் எழுதியிருக்கின்றனர். அவ்வாறிருந்தும், பணம் கொடுத்து வாங்கியவர் போன்று அதட்டுவோர் ஆயிரவர். அவ்வதட்டலின் விளைவு எத்துணைக் கொடிதாகும் என்பதை 2024 ஆம் ஆண்டு காட்டியது. கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்கும் எக்ஸ்இசட் என்னும் மென்பொருளைப் பல்லாண்டுகளாகப் பேணியவர் பெரும்பாலும் ஒரே தன்னார்வலர். மன நலிவுற்றிருந்த அவரை, வேலை மந்தமாக நடக்கிறது என்று சிலர் கடிதங்களால் நெருக்கினர். உதவ வந்தவர் போல் ஒருவர் இடையே புகுந்து, நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, உலகின் எண்ணிறந்த கணினிகளைத் திறக்கக்கூடிய கள்ளவழி ஒன்றை அதனுள் ஒளித்து வைத்தார். நெருக்கிய கடிதங்களும் அச்சதியின் பகுதியே எனப் பலர் கருதுகின்றனர். கணினியினுள் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரைச் செக்கன் தாமதமாவதைக் கவனித்த அன்ட்ரெஸ் புரொயின்ட் என்னும் பொறியியலாளர், காரணத்தைத் துருவித் தேடி 2024 மார்ச் மாதத்தில் அதனை வெளிப்படுத்தினார். பெருந்தீங்கு தப்பியது. தனிமையில் களைத்துப்போன ஒருவரை உலகமே சார்ந்திருந்தது என்பதும், அவருக்குக் கிடைத்தது உதவியன்றி வசையே என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

ஆக்குவோரும் பயன்படுத்துவோரும் அருகருகே இருந்தால் நிலைமை மாறும் என்பதற்கு இலங்கையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்கு ‘சஹானா’ என்னும் கட்டற்ற மென்பொருளை இந்நாட்டுத் தன்னார்வலர்கள் விரைவில் ஆக்கினர். தேவை கண்ணெதிரே நின்றது. ஆதலால், ஆக்கமும் அதன்வழி நடந்தது. பின்னர் அது பிறநாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. அவ்வாறே, க்னோம், கேடிஈ ஆகிய மேசைத்தளங்களைத் தமிழிற் பெயர்த்தவர்களும் தன்னார்வலர்களே. வணிக நோக்கம் ஒன்றையே பார்ப்பவர்கள் தமிழுக்கு இறுதியிலேயே இடமளிப்பர். கட்டற்ற மென்பொருளிலோ தமிழர் தாமே இடம் பிடிக்கலாம். ஆனால், அமைப்பு அடிக்கடி மாறுந்தோறும் சொற்களும் மாறுகின்றன. பெயர்த்தவர் மீண்டும் பெயர்க்க வேண்டியவராகிறார். அவர் களைத்தால் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமான திரையே எஞ்சும்.

ஆகவே, இக்குறைகள் தீர வேண்டுமாயின் இரு திறத்தாருக்கும் கடமை உண்டு. பயன்படுத்துபவர் ‘வேலை செய்யவில்லை’ என்று மாத்திரம் கூறாது, எந்தப் பதிப்பு, எதைச் செய்தபோது, திரையில் என்ன தோன்றியது என்பவற்றை ஒழுங்காக எழுதி அறிவித்தல் வேண்டும். வைத்தியரிடம் நோயின் குறிகளைச் சொல்வதை ஒத்தது அது. நிரலெழுத அறியாதவரும் விளக்கக் குறிப்பு எழுதலாம், மொழிபெயர்க்கலாம், இயன்ற பொருளுதவி செய்யலாம், அதுவும் இயலாதாயின் ஒரு நன்றி கூறலாம். ஆக்குபவரோ, பயன்படுத்துவோரின் தடுமாற்றத்தை அறியாமை என்று தள்ளாது, தம் ஆக்கத்தின் குறையைக் காட்டும் சான்றென ஏற்றல் வேண்டும். பழகியதை மாற்றுமுன் பழகியவரைக் கேட்டல் வேண்டும்.

உரிமையைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். அவ்வுரிமையை அனுபவிக்கும் ஆற்றல் இல்லாதவருக்கு, ஆற்றல் உடையவர் செவிசாய்க்கும்போதே அது பயனுடையதாகிறது. திறந்த வீட்டின் வாயிலில் வந்து நிற்பவரை இன்முகத்தோடு உள்ளழைப்பதற்கு ஒருவர் இல்லையாயின், கதவு திறந்திருந்தும் அவர் வெளியிலேயே நிற்பார்.