தானே திரும்பி வருமா டிரோன்?

கல்யாண வீடியோ எடுக்கும் மணப்பாறை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘சிக்னல் போனாலும் டிரோன் கிளம்பின இடத்துக்குத் தானே வந்துவிடும் என்கிறார் கடைக்காரர். எந்த அளவுக்கு நம்பலாம்?’

பெரும்பாலும் வந்துவிடும். வராமல் போகிற சமயங்களில் கோளாறு அநேகமாகத் தரையிலேயே, டிரோன் கிளம்புவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

சந்தை முடிந்து திரும்பும்போது என் தாத்தா வண்டியிலேயே தூங்கிவிடுவார். மாடுகள் ஒழுங்காக வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். அவற்றுக்கு வழி தெரியும். டிரோனுக்குத் தெரிவதெல்லாம் ஒரே ஒரு புள்ளிதான். போதுமான செயற்கைக்கோள்கள் கிடைத்ததும் தான் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ‘வீட்டுப் புள்ளி’யாகக் குறித்துக்கொள்ளும். ரிமோட்டின் தொடர்பு அறுந்தாலோ, பேட்டரி குறைந்தாலோ, நாமே பட்டனை அழுத்தினாலோ, முன்கூட்டியே நாம் குறித்துவைத்த உயரத்துக்கு ஏறி, அந்தப் புள்ளிக்கு நேர்கோட்டில் வந்து இறங்கும். விசைப்படகிலிருந்து ஏற்றினால், ரிமோட் போகும் இடத்தையே வீடாகக் கொள்ளும் வசதியை இயக்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் படகு நகர்ந்த பிறகும் பழைய இடத்துக்கே வந்து கடலில் இறங்கிவிடும்.

நாம் குறித்துவைக்கும் உயரம் கிளம்பிய தரையிலிருந்து கணக்கு. 30 மீட்டர் வைத்தால் தென்னந்தோப்பைத் தாண்டிவிடும். செல்போன் டவரைத் தாண்டாது. மலையடிவாரத்தில் ஏற்றி மேட்டுக்கு அந்தப்பக்கம் அனுப்பினால், நேர்கோட்டில் திரும்பும்போது குறுக்கே மலையே நிற்கும். தடைகளைப் பார்க்கும் கேமராக்கள் இருட்டில் உதவாது. மெல்லிய மின்கம்பி பகலிலேயே அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடும். பந்தலுக்குள் பறக்கும்போது சிக்னல் போனால், ‘முதலில் மேலே ஏறு’ என்ற கட்டளைப்படி கூரையில் போய் மோதும்.

இதையெல்லாம் விட எனக்கு விசித்திரமாகப் படுவது காம்பஸ். செயற்கைக்கோள், டிரோன் எங்கே இருக்கிறது என்று சொல்லும். அசையாமல் நிற்கும் டிரோனின் மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சொல்லாது. அதற்காகத்தான் உள்ளே ஒரு சிறு காந்தமானி. காற்று ஒரு மீட்டர் தெற்கே தள்ளினால் டிரோன் வடக்கே சாய்ந்து சரிசெய்ய வேண்டும். காம்பஸ் தப்பாகக் காட்டினால் வடகிழக்கே சாயும். அதைத் திருத்தப்போய் அதுவும் கோணலாகும். பிழை கொஞ்சமாக இருந்தால் வளைந்து வளைந்து வந்து நிற்கும். கூடினால் வட்டமடிக்கும். செங்கோணத்தைத் தாண்டினால், ஒவ்வொரு திருத்தமும் அதை இன்னும் தூரமாகவே கொண்டுபோகும். பார்ப்பவர்கள் ‘டிரோனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது’ என்பார்கள். அது கணக்குப் பிசகாமல்தான் பறக்கிறது, தப்பான திசையை நம்பி!

நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லாதான். பிரிட்ஜ் கதவில் ஒட்டும் சின்னக் காந்தமே, மிக அருகில் அதைப்போல நூறு மடங்கு வலுவானது. அப்படியிருக்க, நம்மவர்கள் டிரோனை எங்கே வைத்து ஏற்றுகிறார்கள் பாருங்கள்: கார் பானட்டின் மேல், கம்பி கட்டிய கான்கிரீட் மொட்டைமாடியில், காந்தம் பொதிந்த ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கத்தில். அங்கேயே வைத்து காம்பஸை அளவுதிருத்தமும் செய்தால் இன்னும் மோசம். இரும்பின் புலத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டு, மேலே போனதும் குழம்பும். புதிய மாடல்கள் எச்சரிக்கை காட்டுகின்றன. அவசரத்தில் அதைத் தள்ளிவிடுகிற விரலுக்கு யார் பொறுப்பு?

காற்றையும் மறக்கக் கூடாது. நொடிக்கு 10 மீட்டர் போகும் டிரோனுக்கு 8 மீட்டர் எதிர்காற்று அடித்தால் மிஞ்சுவது 2 மீட்டர். ஒரு கிலோமீட்டர் திரும்ப எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்கான பேட்டரி இருக்குமா? போகும்போது பின்காற்று தள்ளிவிட்ட சுகத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதியில்லாமல் பறக்கலாம். விதி உயரத்துக்குத்தான் எல்லை போடும். பொறுப்பை நாம்தான் கொண்டுவர வேண்டும். தேர் இழுக்கும் கூட்டத்தின் தலைக்கு மேலே, ‘போனால் தானே வந்துவிடும்’ என்று சுழலும் இறக்கைகளை அனுப்புவதை என்னால் திறமை என்று மெச்ச முடியவில்லை. தானே திரும்பும் வசதி ஆபத்துக்கு உதவ வைத்தது. அன்றாடம் அதையே நம்பி ஓட்டுகிறவர் கண்ணையும் கையையும் பழக்காமலே விட்டுவிடுகிறார்.

எனவே மணப்பாறை நண்பரே, வெறும் மண்தரையில் வைத்து ஏற்றுங்கள். வீட்டுப் புள்ளி பதிந்துவிட்டதாகத் திரை சொல்லும்வரை பொறுங்கள். சுற்றியிருப்பதில் உயரமானதைப் பார்த்து, அதற்கும் மேலாகத் திரும்பும் உயரத்தை வையுங்கள். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று யார் அவசரப்படுத்தினாலும், இந்த இரண்டு நிமிடத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.