நாட்காட்டி ஓவியர்

செஞ்சிக்குச் செல்வோர் இராசகிரியின் உயரத்தையும் கலியாண மகாலின் அடுக்குகளையும் கண்டு வியந்து மீள்வர். கோட்டையினுள் அமைந்த வேங்கடரமணர் கோயிலில் சற்று நின்று பார்ப்பவர் சிலரே. திருமலையில் உறையும் இறைவனின் திருப்பெயர் இங்கு வழங்குவதற்குக் காரணம் உண்டு. விசயநகரப் பேரரசின் சார்பில் செஞ்சி, தஞ்சை, மதுரை ஆகிய ஊர்களில் நாயக்கர் ஆட்சி தோன்றியபோது, தெலுங்கு நாட்டுக் குடிகள் பலர் தென்னாட்டிற் குடியேறினர். அவருள் ஓவியரும் இருந்தனர். அம்மரபினர் ராஜு என்னும் பட்டம் பூண்டு, வீட்டில் தெலுங்கு பேசி, தமிழ்நாட்டுத் தெய்வங்களை வரைந்தனர்.

அவர்கள் கைவண்ணமே தஞ்சாவூர் ஓவியம். பலாப்பலகையில் துணியை ஒட்டுவர். சுண்ணப்பொடியைப் பசையிற் குழைத்து அணிகலன்களை மேடாக எழுப்புவர். அவற்றின்மேல் பொன் தகடும் ஒளிக்கற்களும் பதிப்பர். அரண்மனையும் செல்வர் இல்லமுமே இவற்றை வாங்க வல்லன. ஏழை வீட்டுச் சுவருக்கு இவை எட்டவில்லை.

எட்டச் செய்தவர் அக்குலத்தவரான கொண்டைய ராஜு ஆவார். 1898-ஆம் ஆண்டு மயிலாப்பூரிற் பிறந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் ஒளியும் நிழலும் காட்டி வரையும் மேனாட்டு முறையைப் பயின்றார். செஞ்சிக்கு மேற்கேயுள்ள திருவண்ணாமலையில், இரமணர் ஆச்சிரமத்திற் சிலகாலம் தங்கினார். பின்னர் நாடகக் குழுவொன்றிற் சேர்ந்து திரைச்சீலை எழுதினார். அரண்மனை, பூங்கா, அருவி, தாமரைத் தடாகம் எனக் காட்சிக்குக் காட்சி திரை மாறும். அக்குழு 1942-இல் கோவிற்பட்டியிற் கலைந்தது. ராஜு அவ்வூரிலேயே தங்கி, 1944-இல் தேவி ஆர்ட் ஸ்டூடியோவை நிறுவினார்.

அங்கே அவர் வரைந்த தெய்வப் படங்களை உற்றுநோக்குக. நம்மை நேர்நோக்கி அருளும் திருமுகமும் அணிகலன் நெருக்கமும் தஞ்சை மரபு. கன்னத்தின் திரட்சி ஓவியப் பள்ளி தந்தது. பின்னே விரியும் மலையும் தடாகமும் நாடகத் திரையின் கொடை. பொன் தகட்டுக்கு மாற்றாக மஞ்சள் வண்ணமே பொன்னாகியது. அண்மையிலிருந்த சிவகாசி அச்சகங்கள் அவற்றை நாட்காட்டிகளாகப் பெருக்கின. மளிகைக் கடைக்காரர் புத்தாண்டில் விலையின்றி அளித்த நாட்காட்டியோடு மீனாட்சியும் முருகனும் குடிசைக்குள்ளும் புகுந்தனர்.

“நாட்காட்டிப் படந்தானே!” என்று இகழ்வோர் உளர். அவர் கூற்று எனக்கு உடன்பாடன்று. சுப்பையா, இராமலிங்கம் முதலிய மாணவர் அவர் வழியைத் தொடர்ந்தனர். ராஜு 1976-இல் மறைந்தார். ஆண்டு முடிந்து தாள்கள் கிழிந்த பின்னும், படத்தை மட்டும் வெட்டியெடுத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு விளக்கேற்றி வழிபட்ட வீடுகள் பல.