விடை சொல்லாத வாத்தியார்

ஒரு குழந்தை இன்னொரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க, கணினி இருவருக்கும் பின்னணியில் உதவுவதுதான் கணினித் துணையுடன் நடக்கும் சக மாணவர் கற்பித்தல். கணக்கு விளையாட்டுச் செயலிகளில் குழந்தை திரையோடு மட்டுமே உறவாடும். இந்த முறையில் பேச்சு இரு குழந்தைகளுக்கு நடுவே நடக்கிறது.

தாம்பரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய கணக்கு ஒன்று: கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஒரு பெட்டியில் 86 பேர். குரோம்பேட்டையில் 27 பேர் இறங்க, 35 பேர் ஏறினார்கள். இப்போது எத்தனை பேர்? 86-இல் 27 போக 61 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. 6-இல் 7 போகாது என்றதும், 7-இல் 6-ஐக் கழித்து 1 போட்டுவிடுகிறார்கள். பக்கத்துப் பிள்ளைக்கு அது தப்பு என்று தெரியும், எங்கே தப்பு என்று தெரியாது. “59 போடு” என்று சொல்லிவிடும். இருவருக்கும் படிப்பு அங்கேயே நின்றுவிடும். விடையை மட்டும் கேட்டு எழுதுவதால் பயனில்லை, விளக்கிச் சொல்கிறவரே அதிகம் கற்கிறார் என்பதை 1980-களிலிருந்து அமெரிக்க ஆய்வாளர் நோரீன் வெப் காட்டிவந்திருக்கிறார்.

கணினிக்கு வேலை இங்கேதான். 61 எப்படி வந்தது என்று ஊகித்து, சொல்லிக்கொடுக்கும் பிள்ளையின் திரையில் மட்டும் ‘ஒன்றுகளின் இடத்தில் எதிலிருந்து எதைக் கழித்தாய் என்று கேள்’ எனக் குறிப்புத் தரலாம். 8 பத்துகளில் ஒன்றைப் பிரித்து 6-ஐ 16 ஆக்குவதைக் குச்சிக் கட்டுகளாக வரைந்து காட்டவும் திரையில் இடம் தரலாம். அடுத்த கணக்கில் வாத்தியார் மாணவராவார். தைவானில் தொடக்கப் பள்ளிகளுக்காக இத்தகைய அமைப்பு ஒன்று உருவாக்கப்பட்டு, 2012-இல் ஆய்வும் வெளிவந்தது.

இந்தியாவில் இதற்கு நெருக்கமானது வதோதராவில் பிரதம் அமைப்பு நடத்திய திட்டம். 2002 முதல் 2004 வரை நகராட்சிப் பள்ளிகளின் 4-ஆம் வகுப்பில், இருவருக்கு ஒரு கணினி என வாரம் 2 மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் நடந்தன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியது. திட்டம் முடிந்த ஓராண்டில் பெரும்பகுதி கரைந்தும்போனது.

கணினி இல்லாத சக மாணவர் கற்பித்தலில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிகளில் மற்றவர்களைக் கவனித்துக்கொள்ளும் மூத்த மாணவராகச் சட்டாம்பிள்ளை இருந்தார். 1790-களில் எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்தில், மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குக் கற்பிப்பதை ஆண்ட்ரூ பெல் முறைப்படுத்தினார். 1797-இல் அவர் லண்டனில் நூல் வெளியிட, அது ‘மெட்ராஸ் முறை’ என்று பரவியது. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் சென்ற செயல்வழிக் கற்றலிலும், சக மாணவர் துணையோடு கற்பதற்கென்றே தனிக் குழு இருந்தது.

தமிழக அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளாகப் பிரிக்கிறது. யார் எந்த நிலை என்ற விவரம் ஆசிரியரின் செயலியில் இருக்கிறது. ஜோடி சேர்க்கத் தொடங்க அது போதும். முதல் மாணவரையும் கடைசி மாணவரையும் சேர்ப்பது வழக்கமான தவறு. இடைவெளி அதிகமானால் ஒருவர் அலுத்துப்போவார், மற்றவர் கூசிப்போவார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவான முறையில் வகுப்பைத் தர வரிசைப்படுத்தி இரண்டாகப் பிரிப்பார்கள். 30 பேர் என்றால் 1-ஆம் மாணவருக்கு 16-ஆம் மாணவர், 15-ஆம் மாணவருக்கு 30-ஆம் மாணவர் ஜோடி. தென் சென்னைப் புறநகரில் வடமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் படிக்கும் வகுப்புகளில், இந்தி தெரிந்த ஜோடி அமைகிறதா என்றும் பார்க்க வேண்டியிருக்கும். எந்தச் செயலியும் அதை ஆசிரியரைவிட நன்றாகச் செய்துவிடாது.