பிழைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் நடத்துவது எளிது என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்குக் காரணம், அங்கே கற்பிக்கப்படுபவை பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்தவையாக இருப்பதே. அந்தப் பணியின் கடினமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எழுத்தும் எண்ணும் பழகிப்போனவர்களுக்கு அவற்றை முதன்முதலில் எப்படிக் கற்றோம் என்பது நினைவில் நிற்பதில்லை. மறந்துபோன அந்த வழியைத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் குழந்தைகளின் பிழைகளிலிருந்து மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள் உள்ளன. கால், கொம்பு போன்ற துணைக்குறிகளின் ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் இவற்றில் பெரும்பகுதி குழந்தைக்குத் தானாக வந்துவிடும். ஆனால், அந்த ஒழுங்கு சில இடங்களில் காதுக்கு ஒன்றாகவும் கண்ணுக்கு வேறாகவும் இருக்கிறது. ‘கெ’ என்று சொல்லும்போது மெய்யொலி முன்னும் எகர ஒலி பின்னும் கேட்கின்றன. எழுதும்போதோ எகரத்தைக் குறிக்கும் ஒற்றைக் கொம்பு முன்னால் வந்துவிடுகிறது. ‘கொ’ என்னும் எழுத்திலோ குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. ஆகவே, கொம்பை எழுத்துக்குப் பின்னால் போடும் ஐந்து வயதுக் குழந்தையைக் கவனக்குறைவானது என்று கடிந்துகொள்வது அநியாயம். அது கேட்ட வரிசையில் சரியாகவே எழுதியிருக்கிறது. கு, சு, து, பு என்னும் உகர வரிசை இன்னும் கடினமானது, ஏனெனில் அங்கே எல்லா எழுத்துக்கும் பொதுவான ஒரே குறி கிடையாது. 1978ஆம் ஆண்டு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, ளை, னை முதலிய சில எழுத்துகளைப் பொது வடிவத்துக்குக் கொண்டுவந்தபோதும், உகர, ஊகார வரிசைகளை அப்படியே விட்டுவிட்டது.

கணக்கிலும் இதே கதைதான். ‘இருநூற்று ஐந்து’ என்று சொல்லி எழுதச் சொன்னால், இடமதிப்பு, அதாவது ஓர் இலக்கம் நிற்கும் இடத்தைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும் என்ற கருத்து, இன்னும் உறுதிப்படாத குழந்தை 2005 என்று எழுதுகிறது. முதலில் இருநூறு, பிறகு ஐந்து எனக் காதில் விழுந்ததைத் தாளில் அடுக்கியிருக்கிறது. சிவப்பு மையால் அதை அடித்துவிட்டால் விடை திருந்தலாம், எண்ணம் திருந்தாது. நூறுகளையும் பத்துகளையும் தீக்குச்சிக் கட்டுகளாகக் கையில் கொடுத்து, பத்துகளின் இடம் காலியாக இருப்பதைக் குழந்தையே காணச் செய்தால்தான் அந்த நடுப் பூஜ்ஜியத்துக்கு வேலை இருப்பது புரியும்.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே (1896–1980) குழந்தைகளின் விடைகளை விட, அந்த விடைக்கு அவர்கள் சொன்ன காரணங்களைக் கேட்பதில் அக்கறை காட்டினார். அவர் வழியிலான ஒரு சோதனையைப் புளியங்கொட்டைகளைக் கொண்டு எந்த வகுப்பறையிலும் செய்து பார்க்கலாம். எதிரெதிராக இரு வரிசைகளில் சம எண்ணிக்கையில் கொட்டைகளை வைத்து, ஒரு வரிசையை மட்டும் குழந்தையின் கண்ணெதிரே அகலப் பரப்பினால், பரப்பிய வரிசையில்தான் அதிகம் இருக்கிறது என்று ஐந்து வயதுக் குழந்தைகள் பலரும் சொல்வார்கள். எண்களை நூறு வரை ஒப்பிப்பதும் எண்ணிக்கை மாறாதிருப்பதை உணர்வதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இவ்வளவையும் ஒவ்வொரு குழந்தையிடமும் கவனிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும். 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை வகுத்திருக்கிறது; ஐந்து வகுப்புகளை இருவர் பகிர்ந்துகொள்வதால் பல்வகுப்புக் கற்பித்தல், அதாவது ஒரே அறையில் பல வகுப்புகளுக்கு ஒருவரே பாடம் நடத்துதல், சிறிய ஊர்ப் பள்ளிகளில் அன்றாட நடைமுறையாகிவிடுகிறது. அவர்களுள் ஒருவரே தலைமையாசிரியராகவும் இருந்து, செயலியில் வருகையைப் பதிவதும் புள்ளிவிவரம் அனுப்புவதும் பாடவேளையைத் தின்றுவிடுகின்றன. இது வருந்தத்தக்கது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் குழந்தைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்து, ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பதில்லை என்ற உண்மையை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அந்த ஏற்பு நல்லது.

பசியும் பாடத்தின் பகுதியே. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தின் பயன் முதல் பாடவேளையிலேயே தெரியும். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் கொம்பும் காலும் ஏறா. அதற்கப்பாலும் ‘டீச்சர், இவன் கிள்ளிட்டான்’ என்ற முறையீடும், உடைந்த பென்சில் முனையும், அம்மாவை நினைத்து வரும் அழுகையும் மணிக்கு மணி வந்துகொண்டுதான் இருக்கும்.

இத்தனைக்கும் நடுவே இந்தப் பணியை விட்டுப் போக மனமில்லாத ஆசிரியர்கள் இருப்பதற்குக் காரணம், வேறெந்த வகுப்பிலும் காணக் கிடைக்காத ஒரு மாற்றத்தை அவர்கள் நேரில் பார்ப்பதுதான். மாதக்கணக்கில் ‘ப, ட, ம்’ என்று எழுத்துக் கூட்டியே படித்து வந்த குழந்தை, ஒருநாள் விரலை நகர்த்தாமல் ‘படம்’ என்று முழுச் சொல்லாகச் சொல்லிவிட்டு, சொன்னது தான்தானா என்ற வியப்போடு நிமிர்ந்து ஆசிரியரைப் பார்க்கிறது. அடுத்த சொல்லுக்கு யாரும் தூண்ட வேண்டியிருப்பதில்லை. அந்த நாள் ஒரு குழந்தைக்குக் காலாண்டுத் தேர்வுக்கு முன்பே வந்துவிடுகிறது, இன்னொன்றுக்கு இரண்டாம் வகுப்பின் பொங்கல் விடுமுறை கழிந்துதான் வருகிறது; காத்திருந்த ஆசிரியருக்கு இரண்டாவது குழந்தையின் நாளில் கிடைக்கும் மகிழ்ச்சி ஒரு பிடி கூடுதல்.