லாஸ் வேகாஸில் ஒரு நாள் வாக்கிங்: ஒரு டாலர்கூட பந்தயம் கட்டாமல் சுற்ற முடியுமா?

ஹோட்டல் அறை ஜன்னலில் ஈபிள் டவர் தெரிகிறது. ‘பக்கத்துலதானே இருக்கு, நடந்தே போயிடலாம்’ என்று கிளம்புகிறீர்கள். 20 நிமிடம் நடந்த பிறகும் டவர் அதே தூரத்தில்தான் நிற்கிறது. கையில் இருந்த தண்ணீர் பாட்டில் மட்டும் காலி.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸுக்குப் போய்வந்த பலரிடமும் இந்தக் கதை இருக்கும். கண் ஏமாறுவதற்குக் காரணம், அங்குள்ள கட்டடங்களின் சைஸ். எம்ஜிஎம் கிராண்ட் என்ற ஒரே ஹோட்டலில் 5,000-க்கும் மேற்பட்ட அறைகள் இருக்கின்றன. அடுத்த ஹோட்டல் என்பது நம்மூர் கணக்கில் அடுத்த பஸ் ஸ்டாப்.

ஆனால், இந்த நடையில் தூரத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. நீங்கள் எந்த வழியாக நடக்கிறீர்கள், அந்த வழியைப் போட்டது யார்?

அது லாஸ் வேகாஸே இல்லை!

நாம் சினிமாவில் பார்க்கும் அந்த ஜொலிக்கும் சாலைக்குப் பெயர் ‘ஸ்ட்ரிப்’. நீளம் சுமார் 6.8 கி.மீ. மெரினா கடற்கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடப்பதைவிடக் கொஞ்சம் அதிகம். இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்ட்ரிப்பின் பெரும்பகுதி லாஸ் வேகாஸ் நகர எல்லைக்குள்ளேயே வராது. 1950-ல் இந்தப் பகுதியைத் தன்னோடு இணைத்து வரி வசூலிக்க நகர நிர்வாகம் முயன்றது. கேசினோ முதலாளிகள் கிளார்க் கவுண்ட்டி நிர்வாகத்திடம் போய், ‘பாரடைஸ்’ என்று தனி ஊராக அறிவிக்க வைத்துவிட்டார்கள். ஆக, நீங்கள் செல்ஃபி எடுத்து ‘லாஸ் வேகாஸ்’ என்று போடும் இடத்தில் பாதிக்கு மேல் பாரடைஸ்தான்.

தெற்கிலிருந்து தொடங்குவோம். கோடைக்காலம் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. 2024 ஜூலை 7 அன்று இங்கு 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. பாலைவனம், விளையாட்டில்லை.

முதலில் கண்ணில் படுவது லக்ஸர். 1993-ல் திறக்கப்பட்ட, 30 மாடி கொண்ட கறுப்புக் கண்ணாடி பிரமிடு. வாசலில் ஸ்பிங்க்ஸ். கட்டடமே சாய்வாக இருப்பதால் உள்ளே லிஃப்ட்டும் 39 டிகிரி சாய்வில்தான் மேலே போகும். அடுத்தது எக்ஸ்காலிபர், ஆர்தர் மன்னர் காலத்துக் கோட்டை. எகிப்திலிருந்து இங்கிலாந்துக்கு வெயிலே படாமல், ஏசி நடைவழியில் போய்விடலாம். சூப்பர் வசதி. என்ன, அந்தக் கோட்டைக்குள் எங்கே போக வேண்டுமானாலும் ஸ்லாட் மெஷின்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும்.

அடுத்த சிக்னலில் சாலையைக் கடக்க ஜீப்ரா கிராஸிங்கைத் தேடாதீர்கள், கிடையாது. எஸ்கலேட்டர் ஏறி, நடை மேம்பாலத்தில் கடந்து இறங்க வேண்டும். இறங்கினால்? ஏதோ ஒரு ஹோட்டலின் வாசலில் நிற்பீர்கள். வண்டிகளில் அடிபடாமல் காப்பாற்றும் ஏற்பாடுதான், சந்தேகமில்லை. கேசினோவுக்கு ஆள் பிடிக்கும் ஏற்பாடாகவும் அது அமைந்துவிட்டது.

பாலத்தின் மறுபக்கம் நியூயார்க்-நியூயார்க் ஹோட்டல். வாசலில் சுதந்திர தேவி சிலையின் நகல். இந்தச் சிலையைப் பற்றி ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 2010-ல் அமெரிக்க அஞ்சல் துறை சுதந்திர தேவி படத்துடன் ஒரு தபால்தலை வெளியிட்டது. கோடிக்கணக்கில் அச்சடித்த பிறகுதான், அது நியூயார்க் சிலை இல்லை, இந்த ஹோட்டல் சிலையின் போட்டோ என்று தெரியவந்தது. நகலைச் செதுக்கிய ராபர்ட் டேவிட்சன் சும்மா விடவில்லை. ‘முகம் என் சொந்தப் படைப்பு’ என்று வழக்குப் போட்டார். 2018-ல் அவருக்கு 35 லட்சம் டாலர் வழங்க உத்தரவானது. ஒரிஜினலைவிட டூப்ளிகேட் சம்பாதித்தது என்றும் சொல்லலாம்!

பாரிஸ் ஹோட்டலின் ஈபிள் டவர், அசலில் பாதி உயரம். அதன் கால்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு நேராக கேசினோவுக்குள் இறங்குகின்றன. எதிரே பெலாஜியோ. உள்ளே போனால் லாபியின் கூரையில் டேல் சிஹூலி வடிவமைத்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்கள், பின்னால் பிரம்மாண்ட மலர்த் தோட்டம். ரெண்டுமே ஃப்ரீ. ஆனால் அங்கு வந்து சேரும் வழியிலேயே சூதாட்ட மேஜைகள் விரிந்து கிடக்கும்.

‘கேசினோவில் கடிகாரமும் ஜன்னலும் இருக்காது’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஒரு பள்ளி. பில் ஃப்ரீட்மேன் என்ற நிபுணர், தாழ்வான கூரை, வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை என்று வாதிட்டவர். வழி தெரியாமல் சுற்றுபவர் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிடுவார் என்பது கணக்கு. பெலாஜியோவை வடிவமைத்த ரோஜர் தாமஸ் இதற்கு நேரெதிர். உயரமான கூரை, வெளிச்சம், பூக்கள். மனசு லேசாக இருப்பவர் அதிக நேரம் இருப்பார், அதிகம் செலவழிப்பார் என்பது அவருடைய கணக்கு. எனக்கென்னவோ, இரண்டாவதுதான் ஆபத்தாகத் தெரிகிறது. முதலாவதிலிருந்து எரிச்சலாகியாவது வெளியே வந்துவிடலாம்.

மேஜையில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? அமெரிக்க ரூலட் சக்கரத்தில் 38 குழிகள். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் கிடைப்பது 35 மடங்கு. அந்த இடைவெளிதான் ஹோட்டலின் சம்பளம்: கட்டும் ஒவ்வொரு 100 டாலருக்கும் சராசரியாக 5.26 டாலர். சரி, ஆடவே மாட்டேன் என்கிறீர்களா? அதற்கும் அவர்கள் ரெடி. 1990-களின் இறுதியிலிருந்தே ஸ்ட்ரிப் ஹோட்டல்களுக்கு சூதாட்டத்தைவிட அறை, சாப்பாடு, ஷோ ஆகியவற்றில்தான் வருமானம் அதிகம். அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் ஃபீ’ தனி. அதை மறைக்காமல் முதலிலேயே மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க அரசின் விதி 2025 மே மாதம்தான் அமலுக்கு வந்தது.

பிளாட்பாரம் யாருக்குச் சொந்தம்?

வடக்கே போனால் சீசர்ஸ் பேலஸ், ரோமாபுரி. ஒரு காலத்தில் இங்கே தெருவிலிருந்து ஆட்களை உள்ளே கொண்டுபோகும் நகரும் நடைபாதை இருந்தது. உள்ளே மட்டும்தான் கொண்டுபோகும். திரும்பி வர உங்கள் கால்தான். அதைத் தாண்டி நடந்தால் எதிர்ப்பக்கம் வெனிஷியன். மாடியில் கால்வாய், படகு, கூரையில் வரைந்த நீல வானம். அங்கே எப்போதும் மாலை 5 மணி போலத்தான் இருக்கும்.

வெனிஷியன் வாசலில் கொஞ்சம் நில்லுங்கள். 1990-களில் சாலையை அகலப்படுத்தியபோது பழைய நடைபாதை போய்விட்டது. அதற்குப் பதிலாக ஹோட்டல் தன் சொந்த நிலத்தில் புது நடைபாதை போட்டது. 1999-ல் தொழிற்சங்கத்தினர் அதில் போராட்டம் நடத்த, ‘இது எங்க இடம், கைது பண்ணுங்க’ என்றது நிர்வாகம். போலீஸ் மறுத்தது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. நிலம் ஹோட்டலுடையதாக இருந்தாலும், நடைபாதை பொதுமக்கள் கருத்துச் சொல்லும் இடம்தான் என்று 2001-ல் தீர்ப்பு வந்தது.

நடப்பவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் 2024 ஜனவரியில் கிளார்க் கவுண்ட்டி இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. ஸ்ட்ரிப்பின் நடை மேம்பாலங்களில் நிற்கவோ, மற்றவர் நிற்கும்படி எதையும் செய்யவோ கூடாது. மீறினால் 1,000 டாலர் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. பாலங்களில் குற்றங்களும் நெரிசலும் அதிகமாகின்றன என்பது நிர்வாகத்தின் வாதம். பாட்டுப் பாடுபவர், ஓய்வெடுக்கும் வீல்சேர் பயணி எல்லோரையும் இது பாதிக்கும் என்று ஏசிஎல்யூ என்ற உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. கீழே சாலையைக் கடக்க முடியாது. மேலே நிற்க முடியாது. அப்படியென்றால் மூச்சு வாங்க எங்கே உட்காருவது? அதற்கு கேசினோவில் நாற்காலி இருக்கிறது, மெஷினுக்கு முன்னால்.

21 வயதுக்குக் கீழ் உள்ள தம்பி, தங்கையோடு போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். கேசினோ தளத்தை அவர்கள் கடந்து போகலாம், நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

நடந்து களைத்துவிட்டால், பெலாஜியோ பக்கம் திரும்ப பஸ் இருக்கிறது. அங்கிருந்து பார்க் எம்ஜிஎம் வரை ட்ராம் இலவசம். இரவில் பெலாஜியோவின் 8 ஏக்கர் ஏரியில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீரூற்று ஆட்டம். பார்க்க டிக்கெட் கிடையாது. மேம்பாலத்திலிருந்துதான் வியூ செமையாக இருக்கும். ஆனால் அங்கே நிற்க வேண்டாம், கீழே இறங்கி ஏரிக்கரை கைப்பிடிச் சுவர் ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள்.