செடிக்கு உயிரூட்டும் சீட்டு

ஒரு செடியைப் பறித்துத் தாளிடை அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டிவிட்டால் மட்டும் அது தாவரவியற் சான்றாகிவிடாது. கண்ட இடம், உயரம், நாள், சேகரித்தவர் பெயர் ஆகியவற்றைத் தாங்கிய சீட்டே அவ்வேட்டிற்கு உயிராகும். கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறை இத்தகைய ஏடுகளைப் பேணி வருகிறது.

நீலகிரி, பழனி மலைகளில் சோலைக்காடுகளை அடுத்த புல்வெளிகளில் வளரும் நீலக்குறிஞ்சியைக் கருதுங்கள். அது 12 ஆண்டுகட்கு ஒருமுறையே கூட்டமாகப் பூத்து, விதையீந்து மடியும். நீலகிரியில் 1838 முதல் 2018 வரை பூத்த ஆண்டுகளைப் பலர் குறித்துவைத்தமையாலன்றோ இக்கணக்கு உறுதிப்பட்டது! மனிதன் தன் வாழ்நாளில் ஐந்தாறு பூப்புகளையே காண்பான். ஏடோ பல தலைமுறைகளின் கண்கொண்டு காண்கிறது. இன்று தேயிலையும் தைலமரமும் நிற்கும் சரிவில் அன்று குறிஞ்சி பூத்ததென்றால், அதற்கு ஏடே சாட்சி.

மாணவர்களே! 2030-இல் அது மீண்டும் பூக்கவேண்டும். அப்போது மலரைப் பறிக்காதீர்கள். இடத்தையும் நாளையும் அன்றே எழுதிவையுங்கள்.